டொன் கனகசிங்கம் நினைவாக

என் அப்பாவை நான் சாகடித்தது போன ஒக்ரோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். அவர் அப்போது பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் மேல்மாடியில் கட்டில் ஓரத்தில் இருந்து போனில் ஆங்கிலத்தில் எழுதினேன். "பத்ரீசியோ, மன்னித்துக்கொள். இன்று காலை என் அப்பா காலமாகிவிட்டார். வியாழக்கிழமை உங்களோடு சிலிக்கு வர முடியாது." அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினேன். "கிழங்கைப் பால் விட்டு வைக்கிறதோ, பிரட்டிறதோ?" என்று அப்பா கேட்டார். பிரட்டச் சொன்னேன்.

என் பெயர் ஜெயந்தன், வயது நாற்பத்தொன்று. ஏஜாக்ஸில் ஒரு பெரிய வெயர்ஹவுசில் லொறிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. இந்தக் கதையில் நான் நல்லவனாக வரும் இடம் ஒன்றும் கிடையாது என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். எழுத வேண்டியதும் என்னைப் பற்றி அல்ல. அப்பாவைப் பற்றித்தான்.

அவர் பெயர் கனகசிங்கம், இங்கே என் கடைசிப் பெயரும் அதுதான். வயது எழுபத்து மூன்று. சுன்னாகத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்தவர். கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஒஷாவாப் பக்கம் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஒரே மெஷினில் நின்றார். அம்மா போன பிறகு எங்களோடு வந்து இருக்கிறார். அவருக்கு இப்போது இருக்கும் ஒரே வேலை செத்தவீட்டுக்குப் போவது. கேலிக்குச் சொல்லவில்லை. காலையில் பல் விளக்கியதும் ரப்லெற்றை எடுத்து மடியில் வைத்து மரண அறிவித்தல் பார்ப்பார். சொந்த ஊர், பக்கத்து ஊர், மனைவியின் ஊர் என்று ஒரு கண் ஓட்டம். பிறகு யாராவது ஒருவருக்குப் போன் எடுத்து, "சனிக்கிழமை நீங்கள் போறியளோ? என்னையும் ஏத்துங்கோ" என்பார். கறுப்புக் கோட் ஒன்று வாசல் அலுமாரியிலேயே தொங்கும். செத்தவரை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அங்கே போய் அவர் அழமாட்டார், ஊர்க்கதை கதைக்கமாட்டார். பிள்ளைகளில் மூத்தது எதுவோ, அதன் கையைப் பிடித்து, "சாப்பிட்டனீயோ?" என்று கேட்பார், அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் நிற்பது, வாய்க்கரிசி எப்போது, தேவாரம் யார் சொல்வது என்று தெரியாமல் முழிக்கும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மெல்லக் காதுக்குள் சொல்லிக் கொடுப்பார். கூட்டம் கலையும்போது கதிரைகளையும் நேராக்கிவிட்டுத்தான் வருவார்.

செத்தவீடு அவருடைய சாமான். அதைத்தான் நான் எடுத்து அவர்மேலேயே பாவித்தேன்.

ஏன் பாவித்தேன் என்று சொல்ல வேண்டும். நான் கீபோர்ட் வாசிப்பேன். சின்ன வயதில் ஸ்காபரோவில் ஒரு நிலவறை வகுப்பில் பழகியது. கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் மண்டபம் என்று வாசித்துத் திரிந்தேன். அதில் அப்பாவுக்குப் பெரிய பெருமை, புளுகம். "மகன் கீபோர்ட் அடிப்பான்" என்று என்னைக் கேட்காமலே எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிடுவார்.

பத்ரீசியோ முன்பு எங்கள் வெயர்ஹவுசில் போர்க்லிப்ற் ஓட்டியவன், இப்போது வேறு இடத்தில் வேலை. சிலி நாட்டுக்காரன், சந்தியாகோ நகரத்தவன், இருபத்தினாலு வயதில் இங்கே வந்தவன். ஒருநாள் என் வானுக்குள் கீபோர்ட் கிடப்பதைக் கண்டுவிட்டு, தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தான். முதல் ஐந்து நிமிடம் ஏதோ பழுதாகிப்போய் ஒரே இடத்தில் நிற்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரு கிற்றார், ஒரே சுரம், டிரம் அடி மாறாமல் போகிறது. பத்தாவது நிமிடத்தில் சத்தம் மெல்ல மெல்ல அகலித்தது. பதினைந்தாவது நிமிடத்தில் லொறி ஒன்று வந்து ஹோர்ன் அடித்தும் எனக்குக் கேட்கவில்லை.

அவன் சொல்லித்தான் அந்த உலகம் எனக்குத் தெரியும். சந்தியாகோவில் யுங்காய் என்று ஒரு பழைய வட்டாரம். உயர்ந்த கூரை, விரிசல் விட்ட சுவர் உள்ள வீடுகள். அங்கே முன் அறைகளில்தான் கச்சேரி. பக்கத்து வீட்டாருக்குச் சத்தம் போகாமல் யன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து வைப்பார்களாம். வாசிப்பவர்களில் ஒருவன் பல் கட்டுபவன், ஒருத்தி பள்ளிக்கூட ரீச்சர், ஒருவன் சைக்கிளில் பார்சல் கொண்டு போகிறவன். அம்பிளிபயரைத் தாங்களே ஒட்டிச் செய்வார்கள். பாட்டை வீட்டிலேயே ஐம்பது கசற்றில் பதிந்து, அட்டையைக் கையால் அச்சுக் குத்தி, தெரிந்தவர்களுக்கு அனுப்புவார்கள். வானொலி இல்லை, பத்திரிகை இல்லை, பெயர் எடுக்கும் ஆசையும் இல்லை. ஒருமுறை வாசித்துக்கொண்டிருக்கையில் நிலம் அதிர்ந்து, சுவரில் இருந்து காரை கொட்டியதாம். ஒருவரும் நிற்பாட்டவில்லை. அதிர்வு அந்தப் பாட்டோடு பொருந்தி வந்தது என்று பத்ரீசியோ சத்தியம் பண்ணுவான்.

இங்கே ரெக்ஸ்டேலில், ரயர்க் கடை ஒன்றுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, நாலு பேரைச் சேர்த்து அதையே அவன் செய்தான். நானும் சேர்ந்தேன். ஞாயிறு மத்தியானம் தொடங்கி நாலு மணிவரை. என் வேலை, அடியில் ஒரு சுரத்தை விடாமல் பிடித்து, இருபது நிமிடத்துக்கு மேலாக அதன் ஒலியை மெல்ல மெல்ல அகலத் திறப்பது. கல்யாண வீட்டில் ஒரு பின்னேரம் முப்பது பாட்டு வாசித்தும் எனக்குக் கிடைக்காத நிம்மதி அந்த ஒரு சுரத்தில் கிடைத்தது.

இதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. "ஓவர்ரைம்" என்றுவிட்டுப் போவேன். நாலு வருடம் அப்படித்தான். என்ன சொல்வது அவருக்கு? இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ரயர் மணக்கும் அறைக்குள் நீலப் பல்பைப் போட்டுக்கொண்டு ஒரே கட்டையை அமத்திக்கொண்டு நிற்கிறேன் என்றா? எனக்கு வெட்கமாக இருந்தது. மனைவி பிரசாந்தினிக்கு மட்டும் தெரியும். "ஒருநாளைக்கு மாட்டுப்படுவியள்" என்று சிரிப்பாள்.

போன வருடம் யுங்காயில் மூன்று நாள் ஒன்றுகூடல் வந்தது. பல ஊர்களில் இருந்தும் அந்த மாதிரிக் குழுக்கள் ஒரு வீட்டில் கூடி வாசிப்பார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். நான் ரிக்கற் போட்டேன், வேலையில் லீவும் எடுத்தேன். அப்பாவுக்கு "வேலை அலுவலாய் ஒரு கிழமை வெளியால" என்று சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் முந்திவிட்டார். ஒன்றுகூடல் நடக்கிற அதே சனிக்கிழமை சண்முகநாதன் மாமாவின் மகள் தேனுகாவின் கல்யாணம். "நீதான் வாசிக்கிறாய். நான் சொல்லிப்போட்டன். கல்யாணக் காட்டிலயும் உன்ரை பேரைப் போட்டாச்சு" என்றார்.

மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நாலு கிழமை இருந்தது. ஒவ்வொரு நாளும் வாயெடுத்துப் பார்த்தேன், வரவில்லை. மற்றப் பக்கம், "அப்பா விடவில்லை" என்று பத்ரீசியோவுக்குச் சொல்ல முடியுமா? நாற்பத்தொரு வயது ஆம்பிளை. அந்த அறையில் நான் ஒருவருக்கும் மகன் இல்லை, மருமகன் இல்லை, வெறும் ஜெயன். அந்தப் பெயர் கெடக் கூடாது என்று நினைத்தேன்.

வெயர்ஹவுசில் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் லீவுக்காகச் சாகடிக்காத மாமா கிடையாது. நானே மூன்று பெரியப்பாவை முடித்திருக்கிறேன், இரண்டு பேர் பிறக்கவே இல்லை. ஆனால் மாமா, பெரியப்பா எல்லாம் ஒருநாள் லீவுக்குத்தான் காணும். சிலிக்குப் போகாமல் நிற்க அவர்கள் போதாது. அப்பாதான் வேண்டியிருந்தது.

செய்தி போன ஐந்தாவது நிமிடம் பத்ரீசியோ கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது. "நாங்களும் போகவில்லை. உன்னோடு நிற்கிறோம்" என்றான். நான் பயந்துபோய்விட்டேன். அவர்கள் நின்றால் செத்தவீட்டுக்கு வருவார்கள். "வேண்டாம், போங்கள். எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. தகப்பன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. வீட்டில் பாட்டு இல்லை, கொண்டாட்டம் இல்லை, வெளியார் வரத் தேவையில்லை" என்றேன். பொய்யைப் பலப்படுத்தும் ஆசையில் நிற்பாட்டத் தெரியாமல் இன்னும் சொன்னேன். "முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும். அன்றைக்கு வருகிற எல்லோருக்கும் சாப்பாடு கொடுப்போம்."

அவன் சொன்னான். "என் பெரியப்பாவை எழுபத்து மூன்றாம் ஆண்டு இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. இன்றுவரை உடலும் இல்லை, நாளும் இல்லை. எதில் இருந்து எண்ணுவது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உனக்கு எண்ண ஒரு நாள் இருக்கிறது ஜெயன். எண்ணு."

எங்கள் ஊரிலும் அப்படி எண்ண நாள் இல்லாத வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியாதா? அப்போதுகூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நன்றி" என்றேன்.

சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் நான் வாசித்தேன். அப்பா முன் வரிசையில் பட்டு வேட்டியோடு இருந்து, பக்கத்தில் இருந்தவருக்கு என்னைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். இடையில் போன் அதிர்ந்தது. வீடியோ. கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு பார்த்தேன். யுங்காயில் ஒரு அறை, சுவரோரமாக மெத்தைகள். ஐம்பது பேர் இருப்பார்கள். நடுவில் ஆள் இல்லாத ஒரு கீபோர்ட், அதன்மேல் எரிகிற ஒரு மெழுகுதிரி. பத்ரீசியோ ஸ்பானிஷில் ஏதோ சொல்ல, நிலத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பினார்கள். கிழவி ஒருத்தி தொப்பியைக் கழற்றினாள். ஒரு நிமிடம் ஒருவரும் அசையவில்லை. பிறகு இருபத்திரண்டு நிமிடம் வாசித்தார்கள், அடியில் என் சுரம் இல்லாமல்.

வெளியே "ஜெயந்தன் எங்க?" என்று அப்பா தேடுவது கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். பிறகு பொம்பிளை மாப்பிளை மேடைக்கு வர, அதற்கேற்ற பாட்டை எடுத்தேன்.

நாள் போகப் போக நானும் அதை மறக்கப் பார்த்தேன். ரெக்ஸ்டேலுக்குப் போகவில்லை, துடக்கு அல்லவா. பத்ரீசியோவும் மரியாதையாக ஒன்றும் எழுதவில்லை. எல்லாம் ஆறிவிட்டது, மெல்லத் திரும்பப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் வியாழக்கிழமை வந்தது. நான் எண்ணவில்லை. அவன் எண்ணியிருக்கிறான்.

வேலை முடிந்து நாலேகாலுக்கு வீட்டுக்கு வர, வாசலில் பத்ரீசியோவின் சாம்பல் நிற வான். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். சப்பாத்துத் தட்டில் அவனுடைய சப்பாத்து ஒழுங்காக வைத்திருந்தது. உள்ளே குரல் கேட்டது. கோட்டைக் கழற்றாமல், விறாந்தையிலேயே நின்றேன்.

வாசலில் நடந்ததை அப்பா பிறகு சொன்னார். கதவைத் திறக்க, கறுப்புச் சேர்ட் போட்ட ஒருவன் வெள்ளைப் பூங்கொத்தோடு நின்று, "ஜெயனின் அப்பா கனகசிங்கத்துக்காக வந்தேன்" என்றானாம். அப்பா விளங்காமல் பார்க்க, "இன்றைக்கு முப்பத்தொரு நாள்" என்றானாம். கண் கலங்கியிருந்ததாம்.

"உந்த முப்பத்தொண்டு வேறை ஒண்டுக்கும் வாறேல்லை. எனக்கு விளங்கிப்போச்சு" என்றார் அப்பா. "நீங்கள் ஆர் எண்டு கேட்டான். செத்த ஆளின்ரை தம்பி எண்டு சொன்னன்."

நான் போய்ச் சேரும்போது பத்ரீசியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மத்தியானச் சோறு, பருப்பு, கத்தரிக்காய், அவசரமாகப் பொரித்த அப்பளம். பிரிஜ்ஜுக்குள் கோழிக்கறி இருந்தும் அப்பா எடுக்கவில்லை. அது மரக்கறிச் சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தன் முப்பத்தொண்டுச் சோற்றைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரே கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

அப்பாவின் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம், கட்டை கட்டையாக வரும். அதைத் தமிழில் இப்படித்தான் சொல்ல முடியும்.

"என் அண்ணன் பெரிய ஆள் இல்லை" என்றார். "இருபத்திரண்டு வருடம் ஒரே மெஷின். பனி, மழை, பிந்தினது இல்லை. கோபக்காரன். மனைவியோடு நிறையச் சண்டை பிடித்தான். அவள் போன பிறகு அதுக்கு அழுதான். ஒருவருக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது.

"உங்கள் அண்ணன் எங்கள் இசையைக் கேட்டிருக்கிறாரா?" என்று பத்ரீசியோ கேட்டான்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இல்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை ஓவர்ரைம் என்று போவான். அண்ணனுக்குத் தெரியும் அது ஓவர்ரைம் இல்லை. மெஷினில் நின்றவனுக்கு ஓவர்ரைம் முடிந்து வருகிறவன் முகம் தெரியும். இவன் சந்தோசமாக வருவான். எங்கேயோ நல்ல இடத்துக்குப் போகிறான், படித்த ஆட்கள் இருக்கிற இடம். அண்ணனுக்கு இங்கிலிஷ் குறைவு. உடுப்புச் சரியில்லை. கூட்டிக்கொண்டு போக மகனுக்கு வெட்கம். அண்ணன் அப்படி நினைத்தான். பிழையாக எடுக்கவில்லை. கேட்டதும் இல்லை."

நான் வெட்கப்பட்டது என்னை நினைத்து. நாலு வருடமாக அவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் எனக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டித் தந்திருக்கிறார். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பலகை கிரீச்சிட, இருவரும் திரும்பினார்கள். அப்பா எழும்பினார். "என் அண்ணன் மகன் வந்துவிட்டான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பத்ரீசியோ வந்து என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான். பிறகு பையில் இருந்து ஒரு கசற்றை எடுத்தான். யுங்காயில் அன்று வாசித்ததை ஐம்பது பிரதி போட்டிருக்கிறார்கள். அட்டையில் கையால் குத்திய மலைப் படம், கீழே ஸ்பானிஷில் ஒரு வரி. "டொன் கனகசிங்கம் நினைவாக" என்று அவன் மொழிபெயர்த்தான். டொன் என்பது அவர்கள் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதைப் பட்டம்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாப் போட்டிருக்கினம்" என்று எனக்குத் தமிழில் சொன்னார். பத்ரீசியோ அவர் கையைப் பிடித்து, "தீயோ, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து கேட்க வேண்டும். அண்ணனுக்குப் பதிலாக" என்றான். தீயோ என்றால் மாமா, சித்தப்பா எல்லாம்தான். கூட்டாளியின் தகப்பனையும் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எங்கள் ஆட்கள் அங்கிள் என்கிற மாதிரி. அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வருகிறேன் என்றார்.

வான் போன பிறகு அப்பா அவன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவினார். நான் பின்னால் போய் நின்றேன்.

"நான் எப்பிடிச் செத்தனான் எண்டு சொன்னனி?" என்று திரும்பாமல் கேட்டார்.

"ஹார்ட் அற்றாக்."

"நல்லகாலம். நானும் அதைத்தான் சொன்னன்."

"அப்பா, ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்? உள்ளதைச் சொல்லி என்னை ஏசி விட்டிருக்கலாமே."

"வாசல்ல நிண்டு ஒரு பெடியன் அழுறான். நான்தான் செத்த ஆள் எண்டு அவனுக்குச் சொல்லேலுமே? நாளைக்கு அவன்ரை முகத்தில நீ என்னண்டு முழிக்கிறது?" கோப்பையைத் துடைத்து வைத்தார். "நீ ஒண்டுக்கும் யோசியாதை. ஞாயிற்றுக்கிழமை நான் சித்தப்பாவாத்தான் வருவன்."

பிரசாந்தினி வேலையால் வந்து கேள்விப்பட்டதும் சிரிக்கவில்லை. "அந்த மனிசன் உங்களுக்காண்டிப் பொய் சொல்லிக்கொண்டு திரியுது. உங்களுக்கு வெட்கமில்லையே?" என்றாள். இருந்தது. வெட்கம் இருந்தால் உண்மை தானாக வரும் என்று அவள் நினைத்தாள். எனக்கு அது நேர்மாறாக வேலை செய்தது.

அந்த ஞாயிறு அப்பாவை ரெக்ஸ்டேலுக்குக் கூட்டிப் போனேன். ரயர்க் கடையைச் சுற்றிப் பின்னால் வர, "இதுவோ உன்ரை இடம்?" என்று கேட்டு, மூக்கைச் சுருக்கிப் பார்த்தார். பழைய கார் சீற் ஒன்றில் அவரை இருத்தினார்கள். நாங்கள் தொடங்கி ஏழு எட்டு நிமிடம் போக, டிரம் அடிக்கும் மார்செலாவின் பக்கம் குனிந்து, பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்டார். அவள் அடியை விடாமலே சிரித்து, "தொடங்கிவிட்டது தீயோ" என்றாள். அப்பா நல்லது என்று தலையாட்டிவிட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை. பிளாஸ்கில் தேத்தண்ணியும் மரக்கறி ரோல்சும் கொண்டு வருவார். மார்செலாவுக்கு உறைப்புக் குறைத்துத் தனியாகச் செய்வார். முடிந்ததும் வயர்களைச் சுற்றி வைப்பார். மரண அறிவித்தலில் ஞாயிறு செத்தவீடு வந்தால் "உவருக்கு வேறை ஆக்கள் இருக்கினம்" என்று விட்டுவிடுவார். ஒருநாள் காரில் வரும்போது, "உந்த நடுவில நீ மெல்லத் திறக்கிற இடம் இருக்கெல்லே, அது நல்லாயிருக்கு" என்றார். முப்பது வருடத்தில் என் வாசிப்பைப் பற்றி அவர் என்னிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை அது. கண் மறைத்து எனக்கு ஸ்ரியரிங் தெரியவில்லை.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் தொடங்க முன் பத்ரீசியோ, "டொன் கனகசிங்கத்துக்கு" என்பான். எல்லோரும் எழும்பித் தலை குனிவோம். அப்பாவும் கார் சீற்றில் இருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, கைகளை முன்னால் கட்டி, தலை குனிந்து நிற்பார், செத்தவீடுகளில் நிற்கிற அதே மாதிரி. கிழமைக்குக் கிழமை, தனக்காகத் தானே. நான் அவரைப் பார்க்காமல் கீபோர்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைப்பேன். நொவெம்பர், டிசெம்பர் போனது. தை மாசி போனது.

இந்த மார்ச் மாதம் மூன்றாம் ஞாயிறு. நான் அடிச் சுரத்தைப் பிடித்துச் சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பத்ரீசியோ மூலையில் வயர் தேடிக்கொண்டிருந்தான். அப்பா பிளாஸ்கில் இருந்து மார்செலாவுக்குத் தேத்தண்ணி வார்த்தார். அவள் கோப்பையை வாங்கிக்கொண்டே சும்மா கேட்டாள். "தீயோ, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?"

அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பிளாஸ்க் மூடியை இறுக்கினார்.

"இல்லை" என்றார். "அண்ணனுக்குத்தான் ஒரு மகன். எனக்குப் பிள்ளைகள் இல்லை."

சொல்லிவிட்டு அவளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். பயப்படாதே, சமாளித்துவிட்டேன் என்கிற மாதிரிச் சின்னதாகத் தலையாட்டினார்.

நான் கட்டையில் இருந்து விரலை எடுத்தேன். அறை திடீரென்று அமைதியாக, பத்ரீசியோ வயரோடு நிமிர்ந்து பார்த்தான்.

"அவருக்கு ஒரு மகன் இருக்கிறான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன். "இருக்கிறான். அது நான்தான். இவர்தான் கனகசிங்கம். இவர் சாகவில்லை, நான் பொய் சொன்னேன்."

பத்ரீசியோ அப்பாவைப் பார்த்தான். பிடிபட்டது தான்தான் என்பதுபோல, அப்பா பிளாஸ்கை நிலத்தில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.